‘டக்’ என்ற ஓசையைக் கேளுங்கள்
பழைய டிராக்டரில் மாக்னெட்டோ டைமிங் வைக்கும் முறை

டிராக்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது டீசல் வண்டிதான். டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எரிபொருளைப் பற்ற வைத்துவிடும். ஆனால் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடிய டிராக்டர்களின் காலம் ஒன்று இருந்தது. பாட்டரி இல்லாமலே அவற்றுக்குத் தீப்பொறி கொடுத்த கருவி மாக்னெட்டோ. பாயிண்ட் வைத்த பழைய ஸ்கூட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் தம்பியான ஃபிளைவீல் மாக்னெட்டோ பழக்கமானதுதான்.

அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1939-இல் வெளியிட்ட ‘ஃபார்மால் எச்’ டிராக்டரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது சுமார் இரண்டரை லிட்டர் என்ஜின். இதில் வந்த மாக்னெட்டோவின் பெயர் ‘எச்-4’. இந்த டிராக்டர்களைச் சீர்செய்து ஓட்டுவோர் அந்த நாட்டில் இன்றும் ஏராளம்.

மாக்னெட்டோவுக்குள் என்ன நடக்கிறது?

காந்தம் நகர்ந்தால் பக்கத்துச் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டார். மாக்னெட்டோ அந்த விதியில்தான் இயங்குகிறது. காந்தம் சுழலும்போது காயிலின் முதல் சுற்றில் மின்சாரம் ஓடுகிறது. அது உச்சத்தில் இருக்கும் கணத்தில் பாயிண்ட் திறந்து ஓட்டத்தை அறுக்கிறது. உடனே, ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் உயர் மின்னழுத்தம் எழுகிறது. ரோட்டார் அதை உரிய பிளக்குக்கு அனுப்புகிறது. ஆகவே, பாயிண்ட் திறக்கும் நேரமே பொறி விழும் நேரம்.

பொறி எப்போது விழ வேண்டும்?

பிஸ்டன் மேல் உச்சிக்கு வந்ததும் விழ வேண்டும் என்று தோன்றும். ஆனால் எரிபொருள் முழுவதும் பற்றி எரியச் சிறிது நேரம் பிடிக்கும். அதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கினால் சக்தி வீணாகிவிடும். அதனால் ஓடும் என்ஜினில், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சுமார் 30 டிகிரி முன்பாகவே பொறி விழ வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 1,500 சுற்று வேகத்தில் இந்த 30 டிகிரி என்பது ஒரு விநாடியில் முந்நூறில் ஒரு பங்கு.

இதே என்ஜினைக் கிராங்க் போட்டுக் கையால் சுற்றுவோம். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால், அதே 30 டிகிரியைக் கடக்க விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகும். பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னரே எரிபொருள் எரிந்து அதை எதிர்த்துத் தள்ளும். கிராங்க் பின்னோக்கிச் சுழன்று அடிக்கும். மணிக்கட்டோ முன்கையோ முறிந்துபோகும்.

சுற்றும்போது பொறி தாமதமாக வேண்டும். ஓடும்போது முன்கூட்டியே வேண்டும். இரண்டையும் ஒரே கருவி எப்படிச் செய்யும்?

இம்பல்ஸ் கப்ளிங்

என்ஜினுக்கும் மாக்னெட்டோவுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்த ஓர் இணைப்பு இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது அதிலுள்ள கொக்கி ஒரு தடுப்பில் மாட்டி, காந்தத்தை நிறுத்திவிடும். என்ஜின் பக்கம் தொடர்ந்து சுழல்வதால் ஸ்பிரிங் முறுக்கேறும். பிஸ்டன் உச்சியை அடையும்போது கொக்கி விடுபட, காந்தம் ‘டக்’ என்று பாய்ந்து சுழலும். பொறி தாமதமாகவும் விழும், அந்தப் பாய்ச்சலால் வலுவாகவும் விழும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் கொக்கிகள் மையவிலக்கு விசையால் ஒதுங்கிக்கொள்ளும். ஓசை நின்று, பொறி தானாகவே முன்னதாக விழும்.

டைமிங் வைக்கும்போது நாம் காது கொடுக்க வேண்டியது இந்த ஓசைக்குத்தான்.

செய்முறை

1. முதலில் பாதுகாப்பு. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெட்ரோல் குழாயை மூடுங்கள். பாட்டரி வண்டியில் ஒயரை அறுத்தால் பொறி நிற்கும். மாக்னெட்டோவிலோ முதல் சுற்றை எர்த் செய்தால்தான் நிற்கும். சுவிட்ச் ஒயர் எங்காவது அறுந்திருந்தால், ‘ஆஃப்’ நிலையிலும் என்ஜின் கிளம்பக்கூடும். எனவே அந்த முனையை ஒரு துண்டு ஒயரால் என்ஜினின் உடலோடு இணைத்துவிடுங்கள்.

2. பாயிண்டைச் சுத்தம் செய்து இடைவெளி வையுங்கள். எச்-4 மாக்னெட்டோவுக்கு இது 0.013 அங்குலம், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், குறைந்தால் தாமதமாகும். ஆகவே டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொடக் கூடாது.

3. எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, முதல் சிலிண்டரின் துளையை விரலால் மூடிக்கொண்டு, மற்றவர் மெதுவாகச் சுற்றட்டும். காற்று விரலைத் தள்ளினால் அது அழுத்தும் சுற்று. விரலை எடுத்துவிட்டு, உச்சிப் புள்ளிக்கான குறி முள்ளுக்கு நேராக வரும்வரை சுற்றி நிறுத்துங்கள். இந்தக் குறி ஒரு சுழற்சியில் இரண்டு முறை வரும். மற்ற முறை வரும்போது அழுத்தத்தில் இருப்பது நான்காம் சிலிண்டர். அவசரப்படுபவர்கள் ஏமாறும் இடம் இது.

4. மாக்னெட்டோவைக் கையில் பிடித்து, அது சுழல வேண்டிய திசையிலேயே திருப்புங்கள். ரோட்டார் முதல் ஒயரின் முனையைப் பார்க்கும்போது ‘டக்’ என்று கேட்கும். அந்த நிலை மாறாமல் என்ஜினில் பொருத்தி, போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டுங்கள்.

5. மாக்னெட்டோவின் உடலை அது சுழலும் திசையிலேயே கடைசிவரை சாய்த்து வையுங்கள். கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி, மீண்டும் குறியில் நிறுத்துங்கள். இப்போது உடலைச் சுழலும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்புங்கள். ‘டக்’ கேட்ட இடத்தில் நிறுத்தி, போல்ட்டுகளை இறுக்குங்கள்.

6. மறுபடி இரண்டு சுற்று சுற்றிப் பாருங்கள். குறி முள்ளைத் தொடும்போதே ஓசை கேட்க வேண்டும். முந்திக் கேட்டால் கிராங்க் கையை உதைக்கும், மீண்டும் வையுங்கள்.

7. ஒயர்களை 1, 3, 4, 2 என்ற வரிசையில் மாட்டி, எர்த் செய்த துண்டு ஒயரைக் கழற்றிவிடுங்கள்.

ஓசையே கேட்காவிட்டால்?

பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்த டிராக்டரில், பழைய கிரீஸ் கோந்துபோல் இறுகிக் கொக்கியைப் பிடித்துவைத்திருக்கும். அப்போது கப்ளிங் வேலை செய்யாது. பொறி பலவீனமாக விழும். அது போதாதென்று 30 டிகிரி முன்பாகவும் விழும். “ஓசைதானே, இல்லாவிட்டால் என்ன?” என்று கிராங்க் போடுவது பெரும் ஆபத்து. கப்ளிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, கொக்கிகள் தாமாக விழுந்து மாட்டுகின்றனவா என்று பார்த்த பிறகே சுற்ற வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், கிராங்கைப் பிடிக்கும் முறையில் கவனம் வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்காமல், மற்ற நான்கு விரல்களின் பக்கமே வையுங்கள். கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள். என்ஜின் உதைத்தாலும் கைப்பிடி விரல்களை விட்டு நழுவிப்போகும்.

ஓடும்போதும் சில அறிகுறிகள் உண்டு. டைமிங் தாமதமானால் இழுவை குறையும், என்ஜின் அதிகம் சூடேறும், புகைப்போக்கி சிவக்கும். முந்தினால் சுமையில் ‘டங்டங்’ என்று தட்டும். குறி, ஓசை இரண்டும் சரியாக இருந்தும் இப்படி நேர்ந்தால், வேறு என்ஜினின் கப்ளிங்கை யாரேனும் மாட்டியிருக்கலாம். எத்தனை டிகிரி தாமதம் என்பது என்ஜினுக்கு என்ஜின் மாறும். அந்தந்த என்ஜினின் கையேட்டைப் பார்த்துச் சரியானதை வாங்கிப் போட வேண்டும்.

குறி எங்கே நிற்கிறது என்பதைக் கண் பார்க்கட்டும். பொறி எப்போது விழுகிறது என்பதைக் காது கேட்கட்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகு கிராங்கில் கை வையுங்கள்.