வழிக்கட்டுப்பாடு: பழவேற்காட்டுப் பாடும் பிணையக் கலைச்சொல்லும்

முன்னுரை

கணினிப் பிணையங்களில் தரவு செல்லும் வழிகளை ஏற்கவும் விலக்கவும் வகுக்கப்படும் விதித்தொகுதியைத் தமிழில் ‘வழிச்செலுத்தல் கொள்கை’ என்றும், அதன் செயலை ‘வடிகட்டல்’ என்றும் நேர்பெயர்ப்பாகக் கூறுவதுண்டு. இச்சொற்கள் பொருளை முழுமையாக உணர்த்தவில்லை என்பதையும், மீனவர் வழக்கிலுள்ள ‘பாடு’ அக்குறையைத் தெளிவுபடுத்தும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

விதித்தொகுதியின் இயல்பு

இணையம் பல்லாயிரம் தன்னாட்சிப் பிணையங்களின் கூட்டு. தத்தம் முகவரித் தொகுதிகளை அடையும் வழிகளை அவை எல்லை நுழைவாயில் நெறிமுறையின்வழி அண்டைப் பிணையங்களுக்கு அறிவிக்கின்றன. எதனை ஏற்பது, எதனை மறுப்பது, எதற்கு முன்னுரிமை தருவது, எதனை யாருக்கு அறிவிப்பது என்பவற்றை ஒவ்வொரு பிணையமும் தானே முடிவுசெய்கிறது. விதிகள் வரிசையாக ஆராயப்படும். ஒவ்வொன்றிலும் நிபந்தனையும் செயலும் உண்டு. உள்வரும் அறிவிப்புக்கும் வெளிச்செல்லும் அறிவிப்புக்கும் விதிகள் தனித்தனியே அமையும்.

வலைக்கண்ணும் பாடும்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையிலுள்ள அனுப்பம்பட்டுக்கு வடகிழக்கே விரிந்துள்ளது பழவேற்காடு ஏரி. அங்குள்ள மீனவர் குப்பங்கள் சிலவற்றில், வரையறுத்த மீன்பிடி இடங்களில் உரிமையுடையோர் முறைவைத்து வலையிடும் வழக்கம் ‘பாடு’ எனப்படும். வலைக்கண் உருவளவு ஒன்றையே நோக்கி மீனைப் பிரிக்கிறது. வடிகட்டல் என்னும் சொல் சுட்டுவதும் இத்தகைய செயலையே. பாடோ எவர், எங்கு, எந்நாளில் வலையிடலாம் என வகுக்கிறது. உரிமை பெறாதவருக்கு அங்கு முறை இல்லை. இவ்விலக்கின் சமூக நியாயம் தனித்து ஆராயத்தக்கது. மேலும், பாடு வளத்தைப் பகிரச் சுழல்கிறது. திசைவி ஏற்புடைய வழிகளுள் சிறந்ததைத் தேர்கிறது. இவ்வேறுபாடுகள் இருப்பினும், வெறும் சலிப்பன்று, உரிமையும் வரிசையும் கொண்ட ஏற்பாடு என்பதில் இரண்டும் ஒக்கும்.

சான்றுகள்

2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபை உள்நாட்டில் தடுக்க அமைத்த வழியை வெளியுலகுக்கும் அறிவித்துவிட்டது. யூடியூபின் /22 தொகுதியைவிடக் குறுகிய /24 ஆதலால் திசைவிகள் அதனையே தேர்ந்தன. மேல்நிலைப் பிணையமும் அதனை மறுக்கவில்லை. யூடியூப் உலகின் பல பகுதிகளில் சுமார் 2 மணி நேரம் எட்டாமற்போனது. 2021 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் வோடஃபோன் ஐடியா பிணையம் 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தவறாக அறிவித்தது. வெளிச்செல்வதைத் தடுக்காமையும் உள்வருவதை ஆராயாமையும் சேரும்போதே இத்தகைய தவறு பரவுகிறது. விதி வெளிப்படையாக வகுக்கப்படாதவிடத்துத் தன்னாட்சிப் பிணையங்களிடையே எவ்வழியையும் ஏற்கவோ அறிவிக்கவோ கூடாது என 2017-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8212 வரையறுத்தது. உரிமை இல்லையேல் முறை இல்லை என்னும் பாட்டின் அடிப்படையும் இதுவே.

சொல்லாக்கம்

‘கொள்கை’ என்பது கருத்துநிலையையே முதன்மையாகச் சுட்டுகிறது. ‘நெறிமுறை’ வேறொரு கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. ‘வழிப்பாடு’ எனின் ‘வழிபாடு’ என மயங்கும். ‘படு’ என்னும் முதனிலை திரிந்து தொழிற்பெயரான ‘பாடு’, கட்டுப்பாடு, ஏற்பாடு முதலியவற்றில் ஈறாக நிற்கிறது. எனவே விதித்தொகுதிக்கு ‘வழிக்கட்டுப்பாடு’ என்பதும், அதன் இருதிசைகளுக்கு ‘வரவுக் கட்டுப்பாடு’, ‘அறிவிப்புக் கட்டுப்பாடு’ என்பனவும் பொருந்தும். ‘வடிகட்டல்’ அதன் ஓர் உறுப்புக்கு மட்டும் உரியதாகலாம்.

முடிவுரை

வடிகட்டல் என்று மட்டும் கற்கும் மாணவர் உள்வருவதையே எண்ணுவர்; வெளிச்செல்வதற்கும் தாமே பொறுப்பு என்பது அவர்க்குப் புலப்படாது. இருதிசைப் பொறுப்பையும் பெயரிலேயே காட்டும் கலைச்சொல் அக்கல்விக்கு இன்றியமையாததாகும்.