அச்சம் போனது, பழக்கம் போகவில்லை

உளவியல் முதலாண்டு படிக்கும் அன்புத் தங்கைக்கு,

மூளையைக் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் தூண்டி மனநோயைக் குறைக்க முடிகிற காலத்தில் பேச்சு சிகிச்சை படித்து என்ன ஆகப்போகிறது என்று உன் வகுப்பில் சிலர் கேட்பதாக எழுதியிருந்தாய். அவர்களுக்கான பதில் ஆம்ஸ்டர்டாமில் கிடைக்கிறது.

அந்நகரின் பல்கலைக்கழக மருத்துவமனையில் மனநல மருத்துவர் டாமியான் டெனிஸின் குழு, ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய் முற்றிப்போன 16 பேருக்கு ஆழ்மூளைத் தூண்டல் செய்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு, மூளையின் உள்ளே இருக்கும் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதிவரை மெல்லிய மின்கம்பியை இறக்குவார்கள். மார்புத் தோலுக்கடியில் பதித்த பேட்டரி அதற்கு ஓயாமல் மின்துடிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். மருந்துகளுக்கு மசியாதவர்கள் அந்த நோயாளிகள். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையையும் ஏற்கெனவே பார்த்து, பயன் இல்லாமல் போனவர்கள்.

தூண்டல் தொடங்கியதும் பலருக்கு முதலில் மனநிலை தெளிந்தது, பிறகு பதற்றம் தணிந்தது. சடங்குபோல் திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் மட்டும் அவ்வளவு எளிதில் விடவில்லை. பத்து, இருபது ஆண்டுகளாகக் கை கழுவியே பழகியவருக்கு அச்சம் குறைந்தாலும் கை தானாகக் குழாயைத் தேடிப் போகும். ஆகவே குழு அதே சிபிடியை 24 வாரங்களுக்கு மீண்டும் கொடுத்தது. 2014இல் வெளியான முடிவு இது: பேச்சு சிகிச்சை சேர்ந்த பிறகு ஓசிடி அறிகுறிகள் மேலும் கணிசமாகக் குறைந்தன. பதற்றத்திலும் மனச்சோர்விலும் அதனால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மின்சாரம் ஒரு வேலையைச் செய்திருக்கிறது, பேச்சு வேறொரு வேலையைச் செய்திருக்கிறது. முன்பு தோற்ற சிகிச்சையே இப்போது பலித்திருக்கிறது. பதினாறு பேர் சிறிய எண்ணிக்கைதான், சிபிடி பெறாத ஒப்பீட்டுக் குழுவும் அதில் இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் இதைவிடத் தெளிவாகக் கற்றுத்தரும் நிகழ்வு அரிது.

ஏன் இப்போது பலித்தது? ஓசிடிக்கான பேச்சு சிகிச்சை வெறும் பேச்சு அல்ல. லண்டனில் விக்டர் மேயர் 1966இல் விவரித்த முறையிலிருந்து வளர்ந்தது அது. அழுக்கென்று அஞ்சும் கதவுப் பிடியை நோயாளி தொட வேண்டும். தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். பதற்றம் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்குவதை உடலே அனுபவித்து அறிய வேண்டும். நோய் முற்றியவருக்கு அந்த ஏற்றத்தைத் தாங்க முடியாது. பாதியில் எழுந்து ஓடிவிடுவார், ஓடியதே அச்சத்துக்கு உரமாகிவிடும். தூண்டல் அந்த உச்சத்தைத் தணித்தது. அப்போதுதான் அவரால் உட்கார்ந்து கற்க முடிந்தது.

இதற்கு அடியில் மூளையின் ஓர் இயல்பு இருக்கிறது. ஒரு நரம்பணு இன்னொன்றை மீண்டும் மீண்டும் கிளப்பிவிட்டால் அவற்றின் இணைப்பு வலுப்படும் என்று கனடாவின் டொனால்ட் ஹெப் 1949இல் ஊகித்தார். ஆஸ்லோவில் டிம் பிளிஸ்ஸும் டெர்யே லோமோவும் முயல்களின் மூளையில் அதை நேரடியாகக் கண்டு 1973இல் வெளியிட்டார்கள். வேகமான மின்துடிப்புத் தொடர் கொடுத்த பிறகு அந்த இணைப்பின் வலிமை மணிக்கணக்கில் நீடித்தது. அப்படியானால், தூண்டுகிற நேரத்தில் எந்த நரம்பு வழிகள் விழித்திருக்கின்றன என்பது அற்ப விஷயமாக இருக்க முடியாது.

துளையிடாமலே காந்தத்தால் மூளையைத் தூண்ட வழி கிடைத்தது 1985இல். அந்த ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் சகாக்களும் தலைமேல் ஒரு கம்பிச்சுருளைப் பிடித்து, நொடிக்கும் குறைந்த காந்தத் துடிப்பால் எதிர்ப்பக்கக் கையைத் துள்ளவைத்தார்கள். இந்த முறையைத்தான் டிஎம்எஸ் என்கிறார்கள். இன்றும் ஒவ்வொருவருக்கும் துடிப்பின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் அப்படித்தான்: கட்டைவிரல் எந்த அளவில் துடிக்கிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். நம் ஊரில் இதையும் ‘கரண்ட் ஷாக்’ என்றே பலர் நினைக்கிறார்கள். டிஎம்எஸ்ஸுக்கு மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவழைப்பதும் கிடையாது. நோயாளி முழு விழிப்போடு நாற்காலியில் சாய்ந்திருப்பார், தலையில் தட்டுவதுபோல் இருக்கும், ‘டக் டக்’ என்ற சத்தத்துக்குக் காதில் அடைப்பான் வைத்துக்கொள்வார். தலைக்குள் காந்தம் இழுக்கும் உலோகமோ காக்லியர் இம்ப்ளான்ட்டோ இருந்தால் கூடாது. அரிதாக வலிப்பு வரக்கூடும் என்பதால் அந்த வரலாற்றைக் கேட்காமல் தொடங்க மாட்டார்கள்.

விழிப்போடு இருக்கிறார் என்பதுதான் உன் துறைக்கு வாசல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் ஓசிடிக்கு, காந்தத் துடிப்பு மூளையில் சற்று ஆழமாக எட்டும் ஆழ டிஎம்எஸ் முறையை அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 11 மையங்களில் 99 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொரு அமர்வும் தொடங்குமுன் நோயாளியின் சொந்த அச்சத்தை வேண்டுமென்றே கிளறுவார்கள். வீட்டைப் பூட்டினோமா என்று சந்தேகப்படுபவரிடம் அதையே கேட்பார்கள். எண்ணச் சுழற்சி எழுந்த பிறகுதான் காந்தம் இயங்கும். ஆறு வார முடிவில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் உண்மையான தூண்டல் பெற்றவர்களில் 38.1 சதவீதம், போலித் தூண்டல் பெற்றவர்களில் 11.1 சதவீதம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 45.2, 17.8.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசி. இரு குழுக்களுக்கும் அச்சத்தைக் கிளறினார்கள். ஆகவே கிளறியது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, காந்தம் தன் பங்கைச் செய்திருக்கிறது. ஆனால் கிளறாமல் வெறும் காந்தம் வைத்திருந்தால் இதே பலன் கிடைத்திருக்குமா? அதை இந்த ஆய்வு சொல்லாது. மேயரின் வழியில் பார்த்தால் கிளறுவது பாதி வேலைதான். கழுவாமல் இருக்கப் பழகுவதுதான் மறுபாதி, அது இங்கே திட்டமிட்டுச் சேர்க்கப்படவில்லை. எந்த ஆய்வைப் படித்தாலும் இரு குழுக்களுக்கும் பொதுவானது எது, ஒன்றுக்கு மட்டும் கிடைத்தது எது என்று முதலில் பார்த்துவிடு. பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

புகைப்பழக்கத்துக்கான ஆய்வும் இதே போக்கில் அமைந்தது. 262 பேருக்கு சிகரெட் ஆசையை எழுப்பிவிட்டுத் தூண்டல் கொடுத்து, பிறகு சுருக்கமாக ஊக்கப்பேச்சு பேசினார்கள். பதினெட்டாவது வாரம்வரை விட்டவர்கள் 19.4 சதவீதம், போலிக் குழுவில் 8.7. இருமடங்குக்கும் மேல். ஆனால் ஐந்தில் நான்கு பேர் விடவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது.

பேச்சு சிகிச்சையைக் காந்தத்தோடு நேராகக் கோத்த ஆய்வு டெக்ஸஸில் நடந்தது. போர்முனையிலிருந்து திரும்பி, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயோடு வாழ்ந்த 103 முன்னாள் படைவீரர்கள் அதில் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் நடந்ததைப் பற்றிய எண்ணங்களைச் சீராய்கிற சிகிச்சை கிடைத்தது. ஒவ்வொரு அமர்வுக்கும் சற்று முன்பு ஒரு குழுவுக்கு அரை மணி நேரம் மெதுவான உண்மைத் தூண்டல், மற்றதற்குப் போலி. இரு குழுக்களும் தேறின. உண்மைத் தூண்டல் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறினார்கள், ஆறு மாதம் கழித்தும் அந்த வேறுபாடு நின்றது. 2018இல் இது வெளியானது.

இதைப் படித்துவிட்டுச் சேர்த்தால் போதும், நல்லதே நடக்கும் என்று முடிவு கட்டிவிடாதே. அதே நோய்க்கு 125 பேரிடம் வேறு விதமாகச் செய்து பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. அதிர்ச்சி நினைவைச் சிறிது நேரம் எழுப்பி, நெற்றிப் பகுதியின் நடுவில் ஆழத் தூண்டல் கொடுத்தார்கள். போலித் தூண்டல் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள். நினைவை எதிர்கொள்வதால் இயல்பாக நடக்க வேண்டிய ஆறுதலுக்குக் காந்தம் குறுக்கே நின்றிருக்கலாம். உழுத நிலம் நெல்லுக்கும் களைக்கும் ஒன்றுபோலவே இடம் கொடுக்கும். ஜெர்மனியில் 148 பேரிடம் மனச்சோர்வுக்கான குழு சிபிடியின்போதே தலைவழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்திப் பார்த்தார்கள். சிபிடி மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் மேலாகவில்லை. எந்தக் கருவி, மூளையில் எந்த இடம், பேச்சுக்கு முன்பா பின்பா என்ற ஒவ்வொன்றும் முடிவை மாற்றக்கூடும். இந்தத் தோல்விகளை உன் ஆசிரியர்கள் வகுப்பில் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மனச்சோர்வுக்குத்தான் டிஎம்எஸ் அதிகம் பயன்படுகிறது. எஃப்டிஏ 2008இல் அதை அனுமதித்தது. அமெரிக்காவில் 257 பேரை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வில், சிகிச்சை முடிவில் தேறியிருந்தவர்களில் 62.5 சதவீதத்தினருக்கு அந்த ஆண்டு முழுவதும் பலன் நின்றது, சிலருக்கு இடையில் மீண்டும் தூண்டல் தேவைப்பட்டது. மற்றவர்கள் வழுக்கினார்கள். நெதர்லாந்தில் 196 பேருக்கு டிஎம்எஸ்ஸும் பேச்சு சிகிச்சையும் ஒரே சமயத்தில் கொடுத்தபோது 56 சதவீதம் பேருக்கு நோய் அறவே தணிந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால் பேச்சின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனாலும் மருத்துவமனை நடைமுறையில் இரண்டையும் சேர்த்து நடத்த முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்துபோகிறார். பல இடங்களில் அவர் அந்த நேரத்தில் டிவி பார்க்கிறார், அல்லது சும்மா இருக்கிறார். அது பெரிய வீணடிப்பு என்றே எனக்குப் படுகிறது. படுக்கையைவிட்டு எழ முடியாதிருந்தவருக்கு மூன்றாவது வாரத்தில் லேசாகத் தெம்பு வருகிறது. அந்த நாளில் பக்கத்தில் ஒருவர் இருந்து, இன்று மாலை யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு, போக மனமில்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, மறுநாள் அதை விசாரிக்க வேண்டும். அந்த ஒருவர் நீயாக இருக்கலாம்.

பேச்சை எப்போது சேர்ப்பது என்ற கேள்வி இப்போது இன்னும் கடினமாகிவிட்டது. ஸ்டான்ஃபர்டில் நோலன் வில்லியம்ஸின் குழு மனச்சோர்வுக்காக உருவாக்கிய டிஎம்எஸ் முறைக்கு எஃப்டிஏ 2022இல் அனுமதி கொடுத்தது. அதில் ஐந்தே நாளில் 50 அமர்வுகள். ஒவ்வொன்றும் பத்து நிமிடம், இடையில் ஐம்பது நிமிடம் ஓய்வு. பேச்சு சிகிச்சையின் ஓர் அமர்வும் வழக்கமாக ஏறத்தாழ அதே ஐம்பது நிமிடம். அந்த இடைவெளிகளில் பேசலாமா, களைத்திருப்பவரைத் தொந்தரவு செய்யாமல் ஆறாம் நாளிலிருந்து வாரக்கணக்கில் தொடரலாமா? எனக்கு இரண்டாவதே சரியென்று தோன்றுகிறது. ஐந்து நாளில் தெளிந்த மனிதர் திரும்பிப் போவது பழைய வீட்டுக்கும் பழைய வேலைக்கும்தான். அவருக்குப் பேச்சுத் துணை தேவைப்படுவது அங்கே. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்