கன்னித்தீவும் நாளைய கட்டமும்

நாளிதழ்ப் படக்கதையைச் சிறுவர் சரக்கென ஒதுக்குவாரும் உளர். அதன் அமைப்பை நோக்குவோம். முதற்கட்டம் நேற்றைய நிகழ்ச்சியை நினைவூட்டும். அடுத்தது கதையை ஓரடி நகர்த்தும். இறுதிக்கட்டம் நாளைக்கு ஏங்க வைக்கும். 1936-இல் அமெரிக்க நாளிதழில் தோன்றிய ஃபேண்டமுக்கும் இதுவே இலக்கணம்.

1960-இல் தினத்தந்தியில் தொடங்கிய கன்னித்தீவு, 2020-இல் அறுபது ஆண்டுகளைக் கடந்தது. மந்திரவாதி மூசாவால் சிற்றுருவான லைலாவை மீட்கச் சிந்துபாத் அலையும் கதை அது. முடியாத வழக்கையும் வாராத பட்டாவையும் அப்பெயராலேயே நாம் கேலி செய்கிறோம்!

ஆயினும் அது பலருக்கு எழுத்தறிவித்த ஆசான் என்பேன். கட்டத்திற்குச் சில சொற்களே. பொருளைப் படம் முன்னரே சொல்லிவிடும். எழுத்துக் கூட்டுபவர் தம் ஊகத்தைச் சரிபார்த்துக் கொள்ளலாம். துறைமுகத்தில் சுமை தூக்கிய என் தந்தையார் மூன்றாம் வகுப்போடு நின்றவர். தண்டையார்பேட்டைத் தேநீர்க் கடையில் தாள் தாளாகப் பிரிந்து கைமாறும் நாளிதழில் அவர் முதலில் தேடியது அப்பக்கத்தையே. பின்பு தலைப்புச் செய்திகளுக்கு வந்தார். என் கல்லூரிச் சேர்க்கைப் படிவத்தை முழுவதும் படித்த பின்னரே கையெழுத்திட்டார்.

“சிந்துபாத் நாளைக்குத் தப்பிப்பானா?” என்று அங்கே லாரி ஓட்டுநரும் சுமைகாரரும் வாதிடுவர். ஒருநாள் இடைவெளிதான் அப்பேச்சுக்கு முதல். என் தம்பியோ கைப்பேசியில் பத்துநாள் கதையை ஒருசேரப் பார்த்துவிடுகிறான். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.