துருப்பிடித்த காரும் அதன் விலையும்

பழைய மோட்டார்க் காரொன்றை வாங்கிப் புதுப்பிக்க விரும்புவோர் நம்மிடையே உளர். முன்னோர் ஓட்டிய வண்டியின்மீதுள்ள பற்று அதற்கு ஒரு காரணம். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், பழைய வண்டிகளும் விலையேறி நின்றமை மற்றொரு காரணம். தோட்டத்தில் உழைத்த பெற்றோரின் சேமலாப நிதி முழுவதும் இத்தகைய ஒரு வண்டியில் முடங்கிவிடவும் கூடும். ஆதலின், அதனை நோக்கும் முறையும் விலை மதிக்கும் முறையும் ஈண்டு ஆராயப்படும்.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் காரைக் கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வகுத்த இவ்வண்டி 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. நம் நாட்டில் இன்றும் பல ஓடுகின்றன. லொறிக்கு இருப்பது போன்ற தனிச் சட்டகம் இதற்கு இல்லை, உடலே சட்டகமுமாகும். எனவே இதன் உடலிற் பற்றிய துரு, தோலைப் பற்றிய நோயன்று. எலும்பைப் பற்றிய நோயாகும்.

இரும்பு, நீர், காற்றிலுள்ள ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடியவிடத்துத் துரு தோன்றும். ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் மூடுபனி சூழ்ந்த பட்டிப்பொலயில், கார் நின்ற இடத்திலேயே ஈரம் ஏறும். துருவானது தான் தோன்றிய இரும்பினும் மிகுதியான இடத்தைக் கொள்ளுமாதலின் வர்ணத்தைக் கொப்புளமாகத் தள்ளும். வெளியே கொப்புளம் காணும்போது உள்ளே தகடு பெரும்பாலும் அரிக்கப்பட்டிருக்கும். கரையோர நகரிலிருந்து வந்த வண்டியாயின் உப்புக்காற்றின் கேடும் சேரும்.

மழையில் நனைந்த வண்டியைப் பார்த்து விலைபேசலாகாது. நீரின் பளபளப்புக் குறைகளை மறைக்கும். காய்ந்த நாளில், வெயிலில் நோக்குக. மெல்லிய துணியிற் சுற்றிய சிறு காந்தத்தை உடலெங்கும் வைத்துப் பார்க்க. அது ஒட்டாத இடத்தில், இரும்புக்குப் பதிலாகப் பட்டி தடித்துப் பூசப்பட்டிருத்தல் கூடும். பின்னர்க் கால்விரிப்பைத் தூக்கித் தளத்தைப் பார்க்க. கதவுகளின் கீழ் ஓடும் பெட்டி விட்டம், தளத்தின் குறுக்கு விட்டம், பின்வில்லுகள் மாட்டப்பட்ட இடம் ஆகியவற்றை, உரியவரின் சம்மதத்தோடு, திருப்புளியால் மெல்ல அழுத்துக. அது உட்புகுமாயின் இரும்பு இல்லையென்று தெளிக. ஜாக்கியால் ஒரு பக்கத்தை உயர்த்தும்போது கதவு இறுகினால் எலும்பு தளர்ந்தது என்பது பொருள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் ஒருபோதும் நுழையலாகாது.

முன்சக்கரங்களைத் தாங்கும் திருகுமூட்டுகளும் கவனிக்கத்தக்கவை. கிறீஸ் இடாது விட்டால் அவை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும்.

யந்திரத்தைப் பொறுத்தவரை மலைநாட்டார் ஓர் உண்மையை அறிதல் வேண்டும். உயரத்திற் காற்று ஐதாதலின், இத்தகைய யந்திரம் 1,000 அடிக்கு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதம் வலு இழக்கும். ஆகவே பட்டிப்பொல ஏற்றத்தில் வண்டி திணறுவதால் மட்டும் யந்திரம் கெட்டதென்று கொள்ளலாகாது. கரும்புகை பெற்றோல் மிகுதியைக் காட்டும். அது பெரும்பாலும் சீர்செய்யத்தக்கது. நீலப்புகையோ எண்ணெய் எரிவதைக் காட்டும். அது செலவுக்கு அறிகுறி.

பதிவுப் புத்தகத்திலுள்ள யந்திர இலக்கமும் சட்டக இலக்கமும் வண்டியிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாதாயின், திணைக்களத்தில் தெளிவு பெறும்வரை முற்பணமும் கொடுத்தலாகாது.

இனி விலையைக் கணிப்போம். புதுப்பித்த வண்டி சந்தையில் 100 பங்கு பெறும் என்க. முதல் வண்டி பார்வைக்கு அழகியது, யந்திரமும் நன்று, ஆனால் எலும்பு அரிக்கப்பட்டது. அதற்குத் தகட்டு வேலை 50, யந்திரம் 5, வர்ணம் 15, இருக்கையும் மின்கம்பியும் 10, ஆக 80. காணாத குறைகளுக்கு இதில் ஐந்திலொன்றாகிய 16 சேர்க்க, 96 ஆகும். எஞ்சுவது 4. உரியவர் 20 கேட்டாலும் அது விலைமிகுந்ததே. இரண்டாவது வண்டி வர்ணம் வெளிறிப் புகைகக்கி நிற்பது. ஆயின் எலும்பு உறுதியானது. தகடு 10, யந்திரம் 25, வர்ணம் 15, ஏனையவை 10, ஆக 60. ஐந்திலொன்று 12 சேர்க்க 72. எஞ்சுவது 28. அதனை 25க்கு வாங்கினும் நட்டமில்லை. விற்பவர் சொல்லும் விலையினின்றன்று, முடிவில் நிற்கும் மதிப்பினின்றே கணக்குத் தொடங்குதல் வேண்டுமென்பது இதனாற் புலனாம்.

திருக்குறளில் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், அழிவதையும் ஆவதையும் பின்வரும் ஊதியத்தையும் எண்ணிச் செய்க என்றே தொடங்குகின்றது. அவ்வறிவுரை அரசர்க்கு மட்டும் உரியதன்று. நேர்மையான தகட்டுத் தொழிலாளர் ஒருவரை உடனழைத்துச் செல்க; அவருக்குரிய கூலியை மனமுவந்து கொடுக்க. கணக்கு இசையாதாயின், வண்டி எத்துணை அழகியதாயினும் வணக்கங்கூறித் திரும்புக. பெற்றோரின் பல்லாண்டு உழைப்பைக் காத்தல், பழங்கார் ஒன்றைக் காத்தலினும் பெரிது.