கணிப்பொறிக் காப்பும் சிக்கனமும்

(கல்வி வட்டங்களில் படித்து விவாதிப்பதற்குரிய பாடம்)

நம் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் இன்று கணிப்பொறி இடம்பெற்றுள்ளது. நெசவாளர் வீட்டில் அது சேலையின் கரைக்கும் முந்தானைக்கும் உரிய ஜக்கார்டு டிசைன்களைத் தாங்கி நிற்கிறது. பயிரிடுவோர் வீட்டில் பட்டா, சிட்டா நகல்களும், உரக் கணக்கும், கடன் தவணைக் குறிப்புகளும் அதனுள் அடங்கியுள்ளன. பிள்ளைகளின் பாடங்களும் குடும்பப் புகைப்படங்களும் அவற்றோடு சேர்ந்தே இருக்கின்றன. இவற்றுள் பலவற்றிற்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே அப்பொறிக்குத் தீங்கு நேருமாயின், நஷ்டம் பொறியின் விலையோடு நின்றுவிடுவதில்லை.

கணிப்பொறி வாங்கச் செல்வோரிடம், ஆன்டிவைரஸ் என்று வழங்கும் வைரஸ் தடுப்பு மென்பொருளையும் சேர்த்து வாங்குமாறு கடைக்காரர் கூறுவது வழக்கம். அது அவசியந்தானா? அவசியமாயின் எதனை வாங்குவது? அளவான வருமானமுள்ள குடும்பம் தன் பணத்தை எந்த வரிசையில் செலவிடுதல் தகும்? இவ்வினாக்களை இங்கு ஆராய்வோம். வீடுகளில் பெரும்பாலும் உள்ளவை விண்டோஸ் அமைப்பில் இயங்கும் பொறிகளே ஆதலால், அவற்றையே எடுத்துக்கொள்கிறோம்.

1. நோய் பரவும் வழிகள்

கணிப்பொறி வைரஸ் என்பது மனிதர் எழுதிய ஒரு கட்டளைத் தொகுப்பே. உடைமையாளர் அறியாமல் பொறியினுள் புகுந்து, தன்னைத் தானே படியெடுத்துக்கொண்டு பிற பொறிகளுக்குச் செல்வது அதன் இயல்பு. 1986-ஆம் ஆண்டில் பாகிஸ்தானின் லாகூர் நகரத்துச் சகோதரர் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் வைரஸ், ஃபிளாப்பித் தட்டுகளின் வாயிலாகப் பல நாடுகளுக்கும் பரவிற்று. தனியார் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ்களுள் அது ஒன்று. 2008-ஆம் ஆண்டில் தோன்றிய 'கான்ஃபிக்கர்', வலையமைப்பின் வழியாகவும் பின்னர் பென்டிரைவ் வழியாகவும் சென்றது.

பென்டிரைவ் என்பது நமக்கு முக்கியமான விஷயம். டிசைன் வரைபவரிடமிருந்து தறிக்கூடத்திற்கும், அங்கிருந்து வீட்டிற்கும், பிறகு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரே பென்டிரைவ் சென்று வருகிறது. ஒரு வயலின் பூச்சி அடுத்த வயலுக்குத் தாவுவது போல, ஒருவர் பொறியில் உள்ள தீங்கு பலர் பொறிகளையும் அடைகிறது.

இக்காலத்தில் அஞ்சத்தக்க வகை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதாகும். 2017 மே 12-ஆம் தேதி பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை', சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்திற்கு மேற்பட்ட கணிப்பொறிகளைத் தாக்கிற்று. பூட்டைத் திறக்க முதலில் 300 டாலர் கேட்கப்பட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளின் வேலை நிலைகுலைந்தது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியன்றே இலவசமாக வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றுக்கொண்ட பொறிகளில் அவ்வோட்டை வழியே அது நுழைய இயலவில்லை. விலையின்றிக் கிடைத்த மருந்தை இரண்டு மாதம் உண்ணாமல் இருந்தவர்களே பெரிதும் துன்புற்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

2. காப்பு மென்பொருள் வேலை செய்யும் விதம்

வைரஸ் தடுப்பு மென்பொருள் மூன்று வகையாகக் காவல் புரிகிறது. முதலாவதாக, முன்னரே அறியப்பட்ட தீங்குகளின் அடையாளங்களைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் அதனோடு ஒப்பிடுகிறது. இரண்டாவதாக, நடத்தையைக் கவனிக்கிறது. பெயரறியாத ஒரு மென்பொருள் சில நொடிகளில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் அதனைச் சந்தேகித்து நிறுத்துகிறது. மூன்றாவதாக, ஐயத்திற்குரிய கோப்பைப் பற்றி இணையத்தின் வழியே தன் தலைமையிடத்தில் விசாரித்து அறிகிறது.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. புதிய அடையாளப் பட்டியல் நாள்தோறும் வந்து சேராத மென்பொருள், பழைய திருடர்களை மட்டும் அறிந்த காவலாளியை ஒக்கும். மேலும், எந்தக் காவலும் முழுமையானதன்று. இன்று காலையில் எழுதப்பட்ட தீங்கு எவருடைய பட்டியலிலும் இல்லாதிருக்கலாம்.

3. பொறியுடன் வரும் காப்பு

முற்காலத்தில் விண்டோஸ் பொறி வைரஸ் தடுப்பு இன்றியே விற்கப்பட்டது. அக்காலத்தில் தனியே ஒன்றை வாங்குதல் அவசியமாயிருந்தது. 2009-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசத் தடுப்பு ஒன்றை வெளியிட்டது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு அத்தகைய காப்பு அமைப்பிலேயே சேர்க்கப்பட்டுள்ளது. இப்போது அது மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என வழங்குகிறது. இதற்கு ஆண்டுச் சந்தா இல்லை. காலாவதித் தேதியும் இல்லை.

இது தரமானதா என்ற ஐயம் இயல்பே. ஜெர்மனியில் மாக்டபர்க் நகரிலுள்ள ஏ.வி.டெஸ்ட், ஆஸ்திரியாவில் இன்ஸ்புரூக் நகரிலுள்ள ஏ.வி.கம்பாரடிவ்ஸ் ஆகிய பரிசோதனை ஸ்தாபனங்கள் பல நிறுவனங்களின் தடுப்புகளை ஒப்பிட்டு அறிக்கை வெளியிடுகின்றன. முன்னது பாதுகாப்பு, வேகம், உபயோக வசதி ஆகிய மூன்றிற்கும் தலைக்கு 6 வீதம் 18 மதிப்பெண் வைத்துள்ளது. பல ஆண்டுகளாக அச்சோதனைகளில் டிஃபெண்டர், விலைக்கு விற்கப்படும் பெயர் பெற்ற தடுப்புகளுக்குச் சமமாகவோ சற்றே அடுத்தோ நிற்கிறது. ஆகவே, சாதாரண வீட்டு உபயோகத்திற்கு இதுவே போதுமானது என்று துணிந்து கூறலாம்.

எனினும் அது விழித்திருக்கிறதா என்பதை மாதம் ஒரு முறையேனும் பார்த்தல் வேண்டும். 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்னும் பக்கத்தைத் திறந்து, வைரஸ் காப்பு இயங்குவதையும், கடைசியாகப் பட்டியல் வந்த தேதியையும் கவனிக்க. அவ்விடத்திலேயே, முக்கியமான கோப்புறைகளை அனுமதியின்றி எந்த மென்பொருளும் மாற்றாதபடி தடுக்கும் ஏற்பாடு உள்ளது. சாதாரணமாக அது இயங்காத நிலையில் இருக்கும். டிசைன் கோப்புறைக்கு அதனை இயக்கிவைத்தல் நலம். ஆயின் டிசைன் வரையும் மென்பொருளுக்கு மட்டும் அனுமதி அளித்தல் வேண்டும்.

4. இலவசம் என்பதன் விலை

வேறு நிறுவனங்களும் இலவசத் தடுப்புகளை வழங்குகின்றன. நல்லவை அவற்றுள் உண்டு. ஆனால் நிறுவனம் எதனால் ஜீவிக்கிறது என்பதை விசாரித்தறிதல் வேண்டும். அவாஸ்ட் என்னும் நிறுவனம், தன் மென்பொருளை உபயோகித்தோர் இணையத்தில் எங்கெங்கே சென்றனர் என்ற விவரங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் வாயிலாக விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2024-ஆம் ஆண்டில் 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தச் செய்தது. அத்துணை நிறுவனம் 2020-இலேயே மூடப்பட்டது. பணமாகக் கொடாததை நாம் வேறு வகையில் கொடுத்திருக்கக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

இதனினும் கொடியது, திருட்டுப் பிரதி. விலையுயர்ந்த விண்டோஸையோ டிசைன் மென்பொருளையோ காசின்றி ஏற்றித் தருவதாகச் சொல்வோர், முதலில் வைரஸ் காப்பை அணைத்துவிடுமாறு கேட்கின்றனர். பூட்டை உடைக்கும் கருவியின் உள்ளேயே தீங்கு ஒளிந்திருப்பது மிகச் சாதாரணம். காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு இது ஒப்பாகும்.

5. வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

விலை கொடுத்து வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் சில உண்டு. பிள்ளைகள் காணத்தகாதவற்றை ஒரே இடத்திலிருந்து தடுக்கும் வசதி, இடர் நேர்ந்தால் தொலைபேசியில் விளக்கும் உதவி, கைப்பேசிகளையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு முதலியன வேண்டுவோர் வாங்கலாம். நம் நாட்டிலேயே இத்தொழில் நன்கு வளர்ந்துள்ளது. சென்னையில் 1991-இல் தொடங்கப்பட்ட கே7 நிறுவனமும், பூனாவின் குவிக் ஹீல் நிறுவனமும் பலரும் அறிந்தவை. எந்த நிறுவனத்தினுடையதாயினும், பின்வருவனவற்றை விசாரித்தல் அவசியம்.

(அ) இரண்டாம் ஆண்டின் விலை. முதல் ஆண்டுத் தள்ளுபடியைக் கண்டு முடிவு செய்தலாகாது. கணக்கின் பொருட்டு, முதல் ஆண்டு ரூ. 400, பின்னர் ஆண்டுதோறும் ரூ. 1,200 என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுச் செலவு 400 + 1,200 + 1,200 = ரூ. 2,800. ஆண்டுச் சராசரி ஏறக்குறைய ரூ. 933. ரூ. 400 என்று எண்ணி வாங்கியவர் அதனினும் இரு மடங்கிற்கு மேல் செலவிடுகிறார்.

(ஆ) பொறிகளின் எண்ணிக்கை. மூன்று பொறிகளுக்கு மூன்று ஆண்டுக்கு ரூ. 3,600 எனில், பொறி ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 400 ஆகிறது. ஆயின் வீட்டில் ஒரே பொறி உள்ளவருக்கு அது ஆண்டுக்கு ரூ. 1,200. இல்லாத பொறிக்குக் காப்பு வாங்குவது சிக்கனமாகாது.

(இ) தானாகப் புதுப்பித்தல். ஆண்டு முடிவில் நம்மைக் கேளாமலே பணம் எடுக்கும் ஏற்பாடு உண்டா என்று பார்த்து, வேண்டாவிடில் உடனே நிறுத்திவிடுக.

(ஈ) பொய் எச்சரிக்கை. சிறு நிறுவனங்கள் தயாரித்த டிசைன் மென்பொருளைச் சில தடுப்புகள் தீங்கெனக் கருதி நீக்கிவிடும். பரிசோதனை அறிக்கைகளில் இதற்கும் கணக்கு உண்டு. முதலில் சோதனைக் காலப் பிரதியை ஏற்றி, நம் தொழில் மென்பொருள் பழுதின்றி இயங்குகிறதா, பொறியின் வேகம் குன்றுகிறதா என்று பார்த்த பின்னரே வாங்குதல் தகும்.

(உ) ஒன்றே போதும். இரண்டு தடுப்புகள் ஒரே சமயத்தில் காவல் புரிந்தால் ஒன்றையொன்று இடர்ப்படுத்தும். வெளியிலிருந்து வாங்கியது இயங்கும்போது டிஃபெண்டர் தானே ஒதுங்கிக்கொள்ளும். சந்தாவைப் புதுப்பிக்க விரும்பாதவர், காலாவதியானதை முற்றிலும் நீக்கிவிட்டு, டிஃபெண்டர் மீண்டும் விழித்ததா என்று பார்த்தல் வேண்டும். இதனைச் செய்யாதவர் காப்பு இருப்பதாக எண்ணிக்கொண்டு காப்பின்றி இருக்க நேரும்.

வேலை செய்யும் பொறியின் திரையில் திடீரென்று, "வைரஸ் புகுந்தது, இந்த எண்ணை அழையுங்கள்" என்று தோன்றுமாயின் அது மோசடி. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இராது. அவ்வாறு பணம் பறிபோனவர்கள் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

6. முதற்செலவு எது?

பணம் செலவிடும் வரிசையை இனிக் கூறுவோம்.

முதலில், விண்டோஸ் திருத்தங்கள். இதற்குச் செலவில்லை, பொறுமை ஒன்றே வேண்டும். ஆனால் விண்டோஸ் 10 அமைப்பிற்கான பொதுத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நின்றன. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பொறிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படும் என்று அந்நிறுவனம் 2025-இல் அறிவித்தது. டிஃபெண்டரின் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் கூறியுள்ளது. ஆயினும் பட்டியல் வேறு, திருத்தம் வேறு. சுவரில் உள்ள ஓட்டையை அடைக்காமல் காவலாளியை மட்டும் நிறுத்துவது நீடித்த காப்பாகாது. விண்டோஸ் 11-ஐ ஏற்கவியலாத பழைய பொறிகளுக்கு, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் அமைப்பு ஒரு வழி. டிசைன் மென்பொருள் அதில் இயங்குமா என்பதை முன்னதாக அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

இரண்டாவதாக, தனிப் பிரதி. விளைந்த நெல் முழுவதையும் உண்டு தீர்க்கும் விவசாயி இல்லை. விதைக்கெனத் தனியே கட்டி வைக்கிறான். அவ்வாறே டிசைன்களையும் கணக்குகளையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் வாரந்தோறும் படியெடுத்து, உடனே கழற்றித் தனியே வைத்தல் வேண்டும். மாட்டியபடியே விடப்பட்ட டிஸ்க்கையும் பூட்டு வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும். இரண்டாவது பிரதி ஒன்று வேறு கட்டடத்தில் இருப்பது இன்னும் நலம். தீக்கும் வெள்ளத்திற்கும் அது காப்பாகும். பூட்டப்பட்ட கோப்புகளை எந்தத் தடுப்பு மென்பொருளும் மீட்டுத் தரும் என்பதற்கு உறுதியில்லை. நெதர்லாந்து போலீசாரும் யூரோபோலும் பிறரும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' என்னும் முயற்சி, சில வகைப் பூட்டுகளுக்கு மட்டுமே இலவசத் திறவுகோல் அளிக்கிறது. கைவசமுள்ள பிரதியோ எவ்வகைப் பூட்டிற்கும் விடையாகும்.

இவ்விரண்டையும் செய்து முடித்த பின்னரே விலை கொடுத்து வாங்கும் தடுப்பைப் பற்றி எண்ணுதல் வேண்டும். டிஸ்க் வாங்காமல் ஆன்டிவைரஸ் வாங்குவது, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழியின் கணக்காகவே முடியும்.

7. சங்கம் செய்யத்தக்கது

ஒரு குடும்பத்திற்கென விற்கப்பட்ட உரிமத்தைத் தெருவார் பகிர்ந்துகொள்வது நிபந்தனைக்கு மாறானது. ஆனால் அறிவையும் உழைப்பையும் பகிர்ந்துகொள்ளத் தடை யாதுமில்லை. மாதத்தில் ஒரு நாளைக் கணிப்பொறிப் பரிசோதனை நாளாகச் சங்கம் குறித்து, விஷயமறிந்த இளைஞர் இருவரைக் கொண்டு அங்கத்தினர் பொறிகளில் திருத்தங்களும் காப்பும் சரியாக உள்ளனவா என்று பார்க்கச் செய்யலாம். சங்கத்திற்கு வரும் பென்டிரைவ் ஒவ்வொன்றையும் ஒரு தனிப் பொறியில் சோதித்த பின்னரே பிற பொறிகளில் மாட்டுவது என்று விதி வகுக்கலாம். அங்கத்தினர் டிசைன்களின் இரண்டாவது பிரதியைக் கடவுச்சொல்லிட்டுச் சங்கப் பெட்டகத்தில் வைத்துக் காப்பதும் தக்க பணியே. இவற்றிற்கு ஆகும் செலவு சொற்பம். ஒருவர் பொறியில் தொடங்கும் தீங்கு பலரையும் அடையும் என்று கண்டோமாதலால், காப்பும் பலர் சேர்ந்து செய்தற்குரிய காரியமேயாகும்.

விவாதத்திற்குரிய வினாக்கள்

1. நம் பொறியில் உள்ளவற்றுள் வேறு பிரதி இல்லாதவை எவை? பட்டியலிடுக.
2. அடையாளப் பட்டியலுக்கும் திருத்தத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நம் பகுதிக் கடையில் விற்கும் தடுப்பு ஒன்றின் மூன்று ஆண்டுச் செலவைக் கணக்கிடுக.
4. வெளி ஹார்டு டிஸ்க்கை ஏன் கழற்றி வைத்தல் வேண்டும்?
5. பென்டிரைவ் சோதனை விதியை நம் சங்கத்தில் எவ்வாறு நடைமுறைப்படுத்தலாம்?