பெயரும் பொருளும்

பெயரைக் கொண்டே பொருளை மதித்தல் உலக வழக்கு. அவ்வழக்கு சில வேளைகளில் எத்துணை மயக்கந் தரும் என்பதற்குச் சிறு கல்லொன்று நமக்குச் சான்றாயிற்று.

அமெரிக்காவில் வாழும் உறவினர் அனுப்பிய கல்லொன்றை நம் மாணவர் ஒருவர் கொணர்ந்து காட்டினார். உடனிருந்த சீட்டில் ‘ஹெர்க்கிமர் வைரம்’ என்றிருந்தது. தங்கையின் திருமணத்திற்கு அதனை மோதிரத்தில் பதித்து, வைர நகை எனக் கணக்கிற் சேர்க்க வீட்டார் எண்ணியிருந்தனர். உண்மையில் அது வைரமன்று, படிகம்.

கல்லின் பிறப்பு

நியூயார்க் மாநிலத்தில், மோகாக் ஆற்றை ஒட்டியுள்ளது ஹெர்க்கிமர் மாவட்டம். 1777 ஆம் ஆண்டு ஒரிஸ்கனிப் போரிற் புண்பட்டு உயிர்நீத்த தளபதி நிக்கோலாஸ் ஹெர்க்கிமரின் பெயரே அம்மாவட்டத்திற்கும், பின்னர் இக்கல்லிற்கும் வாய்த்தது.

அங்குள்ள பாறை, மக்னீசியம் மிகுந்த சுண்ணாம்புக்கல் வகை, டோலமைட் எனப்படுவது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியிற் படிந்தது. காலப்போக்கில் அதனுள் பொந்துகள் தோன்றின. சிலிகா கரைந்த வெந்நீர் அவற்றுட் புகுந்து, மெல்ல மெல்லப் படிகங்களை விளைவித்தது.

பாறைச் சுவரில் ஒட்டி வளரும் படிகத்திற்கு ஒரு முனையே கூராக அமையும். இங்கோ பல படிகங்கள் சுவரைப் பெரிதும் பற்றாது வளர்ந்தமையால் இருமுனையும் கூராகி, 18 முகங்களுடன் ஒளிர்கின்றன. ஆதலின் பட்டை தீட்டாமலே மோதிரத்திலும் பதக்கத்திலும் பதிக்கின்றனர். சிலவற்றின் அகத்தே கரிய துகள்களும் நீர்த்துளிகளும் சிறைப்பட்டுக் கிடத்தலுண்டு.

வேறுபாடு

வைரம் கரிமத்தால் ஆயது. படிகமோ சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்தது. கடினத்தில் வைரத்திற்கு மோஸ் அளவில் 10, படிகத்திற்கு 7. நீரினும் 3.52 மடங்கு கனமுடையது வைரம், படிகம் 2.65 மடங்கே. நம் இயற்பியல் துறையினர் அக்கல்லைக் காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்த்து இதனைத் தெளிவித்தனர். 11 ஆம் நூற்றாண்டிலேயே பேரறிஞர் அல்பீரூனி மணிகளின் கனத்தை நீரின் துணைகொண்டு அளந்து ஒப்பிட்டார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். விற்பவர் சொல்லும் பெயர் மாறலாம்; கல்லின் கனம் மாறாது.

சொல்லின் பயணம்

தமிழிலும் இத்தகைய பெயர் மாற்றம் உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் அந்நங்கை புகுந்தது பளிக்கறை; உள்ளிருப்பார் உருவைப் புறத்தே காட்டும் பளிங்கு அறை. அங்குப் பளிங்கு என்பது படிகமே. இன்றோ அச்சொல் தரையில் பாவும் சலவைக்கல்லைக் குறிக்கின்றது. அச்சலவைக்கல் சுண்ணாம்புக்கல் திரிந்து பிறந்தது. படிகத்தின் பெயர் சுண்ணாம்புக்கல்லின் வழித்தோன்றலுக்குச் சென்றது. சுண்ணாம்புக்கல் வகையில் பிறந்த படிகமோ வைரத்தின் பெயரைக் கடன் கொண்டது!

கடன் பெயர் இன்றியும் அக்கல் அழகியதே. அதனைப் படிகம் என்றறிந்து அணிவார்க்கு இழப்பேதுமில்லை. வைரம் என நம்பிப் பெறுவார்க்கே இழப்பு.

மாணவர் முதலில் முகம் வாடினார். பின்னர்த் தாமே பெரியவர்களிடம் உண்மையை உரைத்தார். அக்கல் வெள்ளி மோதிரத்தில் ஏறி மணமகள் விரலை அணி செய்தது. கணக்கில் மட்டும் ‘வைரம்’ என்ற சொல்லை அடித்துப் ‘படிகம்’ என்றெழுதினர். கல்வியின் பயன் இதுவன்றோ!