விசையை அழுத்தியும் வேலை நடக்கவில்லையா?

தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தினால், அதனோடு இணைந்த இரும்புக் கை எழும்பி, மை நாடாவின்மேல் மோதி, தாளில் எழுத்தைப் பதிக்கும். இரண்டு கைகள் சிக்கிக்கொண்டால் கண்ணால் பார்த்து விரலால் விடுவிக்கலாம். லோயர், ஹையர் தேர்வு எழுதிய நம் அன்னையர் பலருக்கு இது நன்றாகத் தெரியும். கணிப்பொறியின் விசைப்பலகையோ அப்படிப்பட்டதன்று. அதில் நாம் அழுத்துவது ஒரு செய்தியை அனுப்புவது போன்றது. அச்செய்தி பல கைகள் மாறிய பின்னரே வேலையாகிறது. இடையில் யாரேனும் அதை வாங்கி வைத்துக்கொண்டால், நம் பார்வைக்கு ஒன்றுமே நடக்காது.

பைதான் போன்ற மொழிகளில் நிரல் எழுதுவதற்கு நம்மில் பலர் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டது. இதில் கண்ட்ரோல் விசையையும் சாய்கோட்டு விசையையும் சேர்த்து அழுத்தினால், நாம் நிற்கும் வரி குறிப்பு வரியாக மாறிவிடும். இவ்வாறு அழுத்துவதைக் குறுக்கு விசை என்பர். இது நேரத்தை மிச்சப்படுத்தும் வசதி மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பார்வையற்ற ஒருவர், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைக் கேட்டுக்கொண்டே நிரல் எழுதுகிறார். அவருக்கு மவுஸால் பயனில்லை. குறுக்கு விசை நின்றுபோனால் அவருக்குக் கதவே அடைபட்டது போலாகும். ஆகவே காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறையை நாம் அறிந்திருப்பது நல்லது.

மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுங்கள் என்று சிலர் சொல்வதுண்டு. நாம் செய்த மாற்றங்கள் பயனாளரின் தனிக் கோப்புறையில் இருப்பதால், அவ்வாறு செய்தாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அரை மணி நேரம் வீணாவதுதான் மிச்சம்!

முதலில் பார்க்க வேண்டியது, நாம் எங்கே நிற்கிறோம் என்பதை. ஒரே சாளரத்திற்குள் நிரல் எழுதும் பகுதி, கோப்புகளின் பட்டியல், டெர்மினல் என்னும் கட்டளைப் பகுதி எனப் பல அறைகள் உண்டு. நிரல் பகுதியில் கண்ட்ரோல்-சி நகல் எடுக்கும். டெர்மினலில் அதுவே, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திவிடும். டெர்மினலில் நின்றுகொண்டு வரியைக் குறிப்பாக்க முயன்றால் எப்படி நடக்கும்? நிரலின்மேல் ஒருமுறை சொடுக்கிவிட்டு மறுபடி அழுத்திப் பார்த்தால், பல தடவை தொல்லை அத்துடன் தீர்ந்துவிடும்.

தீரவில்லையெனில், செய்தி மென்பொருளை வந்தடைந்ததா என்று விசாரிக்க வேண்டும். இதற்கு ஓர் அருமையான கருவி உள்ளேயே இருக்கிறது. அதை அறிந்தோர் ஏனோ குறைவு. எஃப்1 விசையை அழுத்தினால் கட்டளைப் பட்டியல் திறக்கும். அதில் 'டெவலப்பர்: டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் டிரபிள்ஷூட்டிங்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பின் நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையும் கீழே வரி வரியாகப் பதிவாகும். எந்தக் கட்டளை பொருந்தியது, அக்கட்டளை எங்கிருந்து வந்தது என்பதும் அதிலேயே இருக்கும். மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது இது. வரியே தோன்றாவிட்டால் செய்தி வழியிலேயே நின்றுவிட்டது என்று பொருள்.

வழியில் நிறுத்துவோர் சிலர் உளர். மடிக்கணினிகளில் மேல்வரிசை விசைகள் ஒலியையும் ஒளியையும் கூட்டிக் குறைக்கும்படி அமைந்திருக்கும். அப்போது எஃப்2-ஐ அழுத்தினால் பெயர் மாற்றும் கட்டளைக்குப் பதில் ஒலி குறையலாம். எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். (எஃப்1-க்கும் இதே கதி நேர்ந்தால், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி அதே பட்டியலைத் திறக்கும்.) விண்டோஸில் கண்ட்ரோல்-ஆல்ட்-கீழ் அம்பு என்பது அடுத்த வரியில் இன்னொரு சுட்டியைச் சேர்க்கும். ஆனால் பழைய கணிப்பொறிகள் சிலவற்றில் திரையை இயக்கும் மென்பொருள் அக்கூட்டைத் தனக்கென எடுத்துக்கொண்டு, திரையையே தலைகீழாக்கிவிடும்! தமிழில் தட்டச்சு செய்துவிட்டு ஆங்கிலத்திற்குத் திரும்பாமல் விட்டாலும் சில குறுக்கு விசைகள் தடுமாறலாம். விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும்.

பதிவில் வரி தோன்றுகிறது, ஆனால் வேறு ஏதோ கட்டளை நடக்கிறது என்றால் சிக்கல் உள்ளே இருக்கிறது. கண்ட்ரோல்-கே, பின்பு கண்ட்ரோல்-எஸ் அழுத்தினால் எல்லாக் குறுக்கு விசைகளின் அட்டவணையும் வரும். நமக்கு வேண்டிய விசையை அதில் தேடி, அதன்மேல் வலப்புறம் சொடுக்கினால், அதே விசைக்கு உரிமை கொண்டாடும் மற்றக் கட்டளைகளையும் காட்டச் சொல்லலாம். இங்கே ஒரு விதியை அறிய வேண்டும். மென்பொருள் இந்த விதிப் பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படிக்கிறது. முதலில் பொருந்துவதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறது. நாம் எழுதும் விதிகள் பட்டியலின் கடைசியில் சேர்வதால் அவையே வெல்லும். நீட்சிகள் எனப்படும் கூடுதல் இணைப்புகளும் விசைகளைப் பிடித்துக்கொள்வதுண்டு. விம் என்னும் நீட்சியை நிறுவினால் கண்ட்ரோல்-எஃப் தேடலைத் திறக்காமல் பக்கத்தைக் கீழே தள்ளும்.

எந்த நீட்சி என்று தெரியாவிடில், 'ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்' என்ற கட்டளை இருக்கிறது. அது நீட்சிகளில் பாதியை நிறுத்திவிட்டு, இப்போது சரியா என்று கேட்கும். நம் பதிலைக் கொண்டு மீண்டும் பாதியாக்கும். 16 நீட்சிகள் இருந்தாலும் நான்கே சுற்றில் ஒன்றில் வந்து நிற்கும். கணக்குப் பாடத்தில் 2-இன் அடுக்குகளை ஏன் படிக்கிறோம் என்று கேட்கும் தோழியருக்கு இது ஒரு நல்ல விடை.

டேப் விசையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பைதானில் வரியை உள்ளே தள்ளி எழுத டேப் தேவை. திடீரென்று அது வரியைத் தள்ளாமல், சுட்டியை வேறு பகுதிக்குக் கொண்டுபோய்விடும். விசை கெட்டுவிட்டது என்று விசைப்பலகையையே மாற்றியவர்களும் உண்டு. உண்மையில் கண்ட்ரோல்-எம் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கும். அப்போது திரையின் அடிப்பட்டையில் 'டேப் மூவ்ஸ் ஃபோகஸ்' என்று எழுதியிருக்கும். மீண்டும் கண்ட்ரோல்-எம் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். இந்த ஏற்பாடு எதற்கு? மவுஸ் இல்லாமல் வேலை செய்பவர் டேப் விசையால்தான் ஒரு பகுதியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறார். நிரல் பகுதியில் டேப் எப்போதும் வரியையே தள்ளிக்கொண்டிருந்தால், அவர் உள்ளே வந்தபின் அந்த விசையால் வெளியேற முடியாது. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் விண்டோஸில் தோன்றும் 'ஸ்டிக்கி கீஸ்' கேள்வியும் இத்தகையதே. இரண்டு விசைகளை ஒருசேர அழுத்த இயலாதவர் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதற்காக அது அமைந்தது. நம் ஆய்வகத்தைப் போல ஒரு கணிப்பொறியைப் பலர் பயன்படுத்தும் இடத்தில், இவற்றை மாற்றுமுன் அடுத்து அமரப்போகிறவருக்கு அவை தேவையா என்று கேட்டுவிட்டு மாற்றலாம்.